என் இன்ஜின் ஊசியில் கை வைக்காதீர்கள்

என்ன பழக்கம் இது? ஒருவன் ரேடியோவில் ஓட்டுகிற தன் மாடல் விமானத்தை ஸ்டாண்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் குனிந்து நீடில் வால்வை, அதாவது இன்ஜினுக்குப் போகும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை, இரண்டு கிளிக் உள்ளே திருகிவிடுகிறார். கேட்டால், "ரொம்ப ரிச்சா ஓடுச்சுங்க, சரி பண்ணிட்டேன்" என்று ஒரு சிரிப்பு வேறு. ரிச் என்றால் காற்றோடு கலக்கும் எரிபொருள் அதிகம், குறைந்தால் லீன். உங்களை யார் கேட்டது?

இதைச் செய்வது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக்கில் பழகிய கைகள். அதில் ஊசியை மூட மூட, கரகரவென்று இருந்த சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று மாறி, கணீரென்று தெளியும். காதே சொல்லிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அப்படி ஒரு இடமே கிடையாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிற இன்ஜின் அது. எவ்வளவு மூடினாலும் அதே தடதடப்புதான், கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும், அவ்வளவே. காதை நம்புகிறவருக்கு வேகத்தின் உச்சத்தைத் தாண்டியதுகூடத் தெரியாது. சுற்று வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டரைப் பிடித்து உச்சத்தைப் பார்த்து, அங்கிருந்து 200, 300 ஆர்பிஎம் இறங்கும்வரை ஊசியைத் திறந்து வைக்க வேண்டும். ஓ.எஸ். கம்பெனியின் ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் இன்ஜினான எஃப்எஸ்-60 வந்தது 1976-ல். இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே!

இப்படி ஒருவர் என் ஊசியைத் திருகிய அன்றைக்கு என் விமானம் தரையில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் மூக்கைத் தூக்கி ஏறும்போது டேங்கில் உள்ள எரிபொருள் ஊசி மட்டத்தைவிடக் கீழே போய்விடும், கலவை இன்னும் லீனாகும். இந்த இன்ஜினில் கலவையைப் பற்றவைக்கும் கிளோ பிளக்கில் எப்போது பற்றவைக்க வேண்டும் என்று நேரம் குறிக்க எதுவும் இல்லை. எரிபொருளில் உள்ள மெத்தனால் பட்டுப் பட்டு பிளக்கின் பிளாட்டினச் சுருள் தானாகவே தகதகத்துக் கொண்டிருக்கும். லீனாகிச் சூடு ஏறினால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஏறி வருகிற பிஸ்டனை அந்த வெடி திருப்பி அறையும். ஷாஃப்ட் தடுமாறும், புரொப்பெல்லர் தன் வேகத்தில் சுற்றப் பார்க்கும், நட்டு கழன்றுவிடும். கம்பெனிக்காரர்கள் இரட்டை நட்டு கொடுப்பது அழகுக்கா?

மர உயரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். 13 இஞ்ச் புரொப்பெல்லர் தனியாகப் பறந்தது. விமானம் சோளக்காட்டில் போய் இறங்கியது, அது போகட்டும். புரொப்பெல்லர் விழுந்த இடம் வேலி ஓரம், வேடிக்கை பார்க்கப் பையன்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குச் சற்றே தள்ளி. திருகியவர் அப்போதும், "நட்டு சரியா டைட் பண்ணலையோ?" என்றார். நெஞ்சு கொதித்தது.

நட்டு கழலாவிட்டாலும் உள்ளே நாசம் நடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் கலந்த எரிபொருள் மொத்தமும் கிராங்க்கேஸ் வழியாகத்தான் போகிறது, பேரிங் நனைந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசிகிற கொஞ்ச எண்ணெய்தான் பேரிங்குக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும். ஊசியை மூடினால் அதிலும் மண். நான் இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, இன்ஜின் தலையிலுள்ள வால்வுகளின் இடைவெளியை 0.04-க்கும் 0.1 மில்லிமீட்டருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துச் சரிபார்க்கிறேன். சாயங்காலம் மீதி எரிபொருளை ஓட்டித் தீர்த்து, துரு பிடிக்காமல் எண்ணெய் விட்டு வைக்கிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்வதை இரண்டு கிளிக்கில் கெடுக்க உங்களுக்கு என்ன உரிமை?

கொஞ்சம் ரிச்சாக ஓடி வெள்ளைப் புகை விட்டால் உங்களுக்கு என்ன நஷ்டம்? இறக்கையில் வழியும் எண்ணெயைத் துடைக்கப் போவது நான்.

உதவி செய்ய ஆசையா, தாராளமாக வாருங்கள். முழு திராட்டிலில் மூக்கைத் தூக்கிப் பார்க்கும்போது விமானத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். புரொப்பெல்லருக்கு நேராக நிற்கும் பையன்களைப் பின்னால் அனுப்புங்கள். டேக்கோமீட்டர் இருந்தால் எடுத்து வாருங்கள். கேட்காமல் ஊசியைத் தொட்டால் இன்ஜினை அங்கேயே நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் பெயர் சொல்லிக் கேட்பேன்.