ஊர் மாறியவர் பெயர் ஏன் இன்னும் பட்டியலில் இருக்கிறது?

அமெரிக்காவில் வேறு ஊருக்குப் போனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருப்பதே முறைகேட்டுக்குச் சான்று என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. பெரும்பாலான மாநிலங்களில் உடனே நீக்கச் சட்டமே விடாது. 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, தபால் துறையின் முகவரி மாற்றத் தகவலைப் பார்த்தால், பெயரை நீக்கும் முன் தேர்தல் அதிகாரி அந்த வாக்காளருக்கு 'ஊர் மாறிவிட்டீர்களா?' என்று கேட்டு ஓர் அட்டை அனுப்ப வேண்டும். பதில் தபாலுக்கான செலவும் அரசுடையதுதான். அவரே 'மாறிவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் சரி, நீக்கிவிடலாம். பதிலே வராவிட்டால்? அடுத்த இரண்டு கூட்டாட்சிப் பொதுத்தேர்தல்களிலும் அவர் ஓட்டுப் போடாமல் இருந்த பிறகுதான் பெயர் போகும். அதுவரை 'செயலில் இல்லாதவர்' என்ற குறிப்போடு கிடக்கும். (ரொம்பவே பொறுமையான சட்டம்!) அமெரிக்க நீதித்துறையின் இணையதளத்தில் அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவுக்கு விளக்கம் இருக்கிறது, யாரும் படித்துப் பார்க்கலாம்.