ஃபிளாட் 12 சதவீதம் வேறு, வங்கி 12 சதவீதம் வேறு
“12 சதவீதம் என்றால் எங்கே கடன் வாங்கினாலும் 12 சதவீதம்தான்” என்று சிலர் சொல்வது சரியன்று. ஃபிளாட் வட்டி முறையில், நாம் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசித் தவணை வரை வட்டி போடுகிறார்கள். ஒரு லட்சம் ரூபாயை ஓராண்டுக்கு வாங்கினால் அம்முறையில் தவணை 9,333 ரூபாய், மொத்த வட்டி 12,000 ரூபாய். மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் வங்கி முறையில் தவணை 8,885 ரூபாய், வட்டி ஏறத்தாழ 6,600 ரூபாய்தான். பன்னிரண்டாம் மாதம் பாக்கியிருக்கும் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கும் ஆயிரம் ரூபாய் வட்டி என்பதைத் தரகர்கள் சொல்வதில்லை. அந்த ஃபிளாட் 12, உண்மையில் 21 சதவீதத்துக்கும் மேல். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2024 அக்டோபர் முதல் கடன் வாங்குவோருக்குத் தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் (Key Facts Statement) இந்த உண்மையான ஆண்டு விகிதம் இருக்கும். கையெழுத்திடும் முன் கேட்டு வாங்கிப் பாருங்கள்.