ரிலே வாங்க ஓடறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைக் கையில எடுங்கப்பா

பழைய டிரக்குக்கு முழு வயரிங்கும் மாத்தப் போறேன்னு ஒருத்தர் வாயைத் திறந்தா போதும், "எல்லாத்துக்கும் ஒரு ரிலே (சின்னக் கரண்டை வச்சு பெரிய கரண்டைத் திறந்து மூடற டப்பா) போட்டுடு, நிம்மதி"ன்னு நாலு திசையிலேருந்தும் அருள்வாக்கு வந்து விழுது. எதுக்கய்யா எல்லாத்துக்கும்? எத்தனை ஆம்பியர் ஓடுது, வயர் எத்தனை மீட்டர், சுவிட்ச் எவ்வளவு தாங்கும்? இதுல ஒண்ணையாவது கேட்டுட்டா சொல்றாங்க? கடைசியில பானெட்டைத் தூக்கிப் பாத்தா 14 கறுப்பு ரிலே டப்பா வரிசையா நிக்குது. அத்தனைக்கும் ஒரே சிவப்பு வயர். எது எதுக்குன்னு ஒரு சீட்டுகூட இல்ல. அடுத்து அந்த வண்டியில கை வைக்கறவன் என்ன பாவம் பண்ணான்?

எதிர்க்கட்சி அதைவிட மோசம். "கம்பெனியிலேருந்து வந்தப்பவே ரிலே கிடையாது, இத்தனை வருஷம் ஓடலையா?" ஓடுச்சுதான். அப்போ சீல்டு பீம் (பல்பும் கண்ணாடியும் ஒரே துண்டா வர்ற பழைய ஹெட்லைட்) 40, 50 வாட்ஸ். வயரும் சுவிட்சும் புதுசு. இப்போ அதே சுவிட்சோட தலையில 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலோஜன், எலக்ட்ரிக் ஃபேன், ஃப்யூல் பம்ப்னு ஏத்தி வச்சுட்டு பழங்கதை பேசினா எப்படி?

ரிலேங்கிறது வேற ஒண்ணுமில்ல, தூரத்திலேருந்து அமுக்கற ஒரு சுவிட்ச். 12 வோல்ட் ரிலேயோட காயில் (உள்ளே இருந்து சுவிட்சை இழுக்கற கம்பிச்சுருள்) சுமார் 0.15 ஆம்பியர்தான் இழுக்கும். அதை வச்சு 20, 30 ஆம்பியரை வேற பாதையில ஓட்டலாம். அதனால ரெண்டே லாபம்: டேஷ்போர்டு சுவிட்ச் கருகாது, கனமான கரண்ட் குறுக்கு வழியில போகும். இந்த ரெண்டுல ஒண்ணுகூட தேவைப்படாத இடத்துல ரிலே போட்டா, பழுதாக இன்னும் அஞ்சு பின் சேத்து வச்சதுதான் மிச்சம்.

ஹெட்லைட்டையே எடுத்துக்கோங்க. பழைய டிரக்குல கரண்ட் போற வழியைப் பாத்தாலே தலை சுத்தும். பேட்டரியில கிளம்பி செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கு, அங்கேருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகடு) கனெக்டர் வழியா உள்ளே, அம்மீட்டர் (கரண்டைக் காட்டற முள்ளு மீட்டர்), லைட் சுவிட்ச், கீழே இறங்கி கால்மிதி டிப்பர் சுவிட்ச், மறுபடி ஃபயர்வால், ரேடியேட்டர் பக்கம், அப்புறம்தான் பல்பு. 6 மீட்டர் சர்வசாதாரணமா வரும். 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்ல 10 ஆம்பியர் ஓடினா அந்த 6 மீட்டர்லயே சுமார் 0.7 வோல்ட் போச்சு. மீதியை வழியில இருக்கற ஒவ்வொரு கான்டாக்ட்டும் கனெக்டரும் தின்னுடும். பேட்டரியில 13.8 இருக்கும், பல்புல 11.6 நிக்கும். 2.2 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. பல்பு வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்துல குறையாது. 10 சதவீதம் வோல்டேஜ் குறைஞ்சாலே சுமார் 30 சதவீதம் வெளிச்சம் போயிடும். 11.6ல கிட்டத்தட்ட பாதி வெளிச்சம்தான் ரோட்டுல விழும். இங்கே ரிலே போடாம வேற எங்கே போடறது? 2 மீட்டர் 2.5 ஸ்கொயர் வயர்ல அதே 10 ஆம்பியருக்கு இழப்பு 0.15 வோல்ட். போட்டே ஆகணும்.

ஆனா அளந்துட்டுப் போடுங்க. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இன்ஜின் ஓடணும், லைட் எரியணும், பல்பு கனெக்டர்லயே இருக்கணும். மல்டிமீட்டரோட (வோல்ட் அளக்கற கருவி) ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துல, மறுமுனை பல்போட லைவ் பின்ல. காட்டற எண்தான் வழியில தொலைஞ்சது. 0.5க்குள்ள இருந்தா ரிலேயை மறந்துடுங்க. அடுத்து பேட்டரி நெகட்டிவ் கம்பத்துலேருந்து பல்போட எர்த் பின்னுக்கு. அங்கே 0.2க்கு மேல போகக் கூடாது. 0.8 காட்டுதா? நீங்க தங்கத்துல ரிலே செஞ்சு போட்டாலும் லைட் மங்கலாத்தான் எரியும். ரிலே பாசிட்டிவ் பக்கத்தைத்தான் சரிபண்ணும், எர்த்தை இல்ல.

எர்த்துன்னு சொன்னாலே இன்னொரு வயித்தெரிச்சல். சேஸ், கேபின், ரேடியேட்டர் சட்டம் எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங் போட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு வச்சிருப்பாங்க. அந்தப் பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கிட்டு "லைட் கம்மியா இருக்கு, எந்த ரிலே போடலாம்?"னு கேப்பாங்க. பெயின்ட் கரண்டைக் கடத்தாதுங்க! கேபின் உக்காந்திருக்கறதும் ரப்பர் புஷ் மேலதான். பேட்டரியிலேருந்து இன்ஜினுக்கு ஒரு பட்டை, இன்ஜின்லேருந்து சேஸுக்கு ஒண்ணு, சேஸ்லேருந்து கேபினுக்கு ஒண்ணு. மூணும் இருக்கணும். போல்ட் உக்காரற இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வச்சு முடுக்கி, அதுக்கு மேல கிரீஸ் தடவுங்க. பாதிப் பேருக்கு இதோடயே லைட் பிரச்சினை தீந்துடும்.

வேற எங்கே வேணும்? ரேடியேட்டர் எலக்ட்ரிக் ஃபேனுக்குக் கண்டிப்பா. ஓடும்போது 20 ஆம்பியர் இழுக்கற ஃபேன், கிளம்பற நொடியில அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல இழுக்கும். பெரிய ஃபேனா இருந்தா சாதா 40 ஆம்பியர் ரிலேயோட 6.3 எம்எம் பின் பத்தாது, 9.5 எம்எம் பின் உள்ள 70 ஆம்பியர் ரிலே எடுங்க. எலக்ட்ரிக் ஃப்யூல் பம்ப், ஹீட்டர் ப்ளோவரோட ஃபுல் ஸ்பீடு, ஏர் ஹாரன் கம்ப்ரஸர், இதுக்கெல்லாம் போடுங்க, தப்பில்ல. சாதா ஹாரனுக்குப் பல பழைய வண்டியில கம்பெனியே ரிலே வச்சிருக்கும். அங்கே ஸ்டீயரிங் பட்டன் எர்த்தைத்தான் கொடுக்கும், பாசிட்டிவை இல்ல. அது தெரியாம 85க்கு (85, 86 ரெண்டும் ரிலே காயிலோட ரெண்டு முனைப் பின்) நிரந்தர எர்த் கொடுத்து, 86ல பாசிட்டிவ் சொருகிட்டு, ஹாரன் நிக்கவே மாட்டேங்குதுன்னு காதைப் பொத்திக்கிட்டு ஓடறது.

வேண்டாத இடம்தான் நெறைய. பார்க்கிங் லைட், மீட்டர் லைட் எல்லாம் சேந்தாலும் 3 ஆம்பியர்கூட வராது. இண்டிகேட்டருக்கு ரிலே வைக்கற மகானுங்களும் இருக்காங்க. பழைய ப்ளாஷர் (இண்டிகேட்டரை மின்ன வைக்கற டப்பா), பல்பு இழுக்கற கரண்ட்டால சூடாகித்தான் மின்னும். அதுக்கும் பல்புக்கும் நடுவுல 0.15 ஆம்பியர் காயிலை நுழைச்சா அது எப்படி மின்னும்? வைப்பர் மோட்டாருக்குள்ள பார்க்கிங் சுவிட்ச் இருக்கு. நடுவுல ரிலே வந்தா பிளேடு கண்ணாடியோட பாதியில நிக்கும். பழைய பாயின்ட் இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கறது) இழுக்கறது 4 ஆம்பியர்தான், நல்ல சாவி சுவிட்ச் அதைச் சிரிச்சுக்கிட்டே தாங்கும். அங்கே ரிலே வச்சு, அது படுத்தா வண்டியும் ரோட்டுல படுக்கும். எல்இடி ஹெட்லைட்டுக்கு மாறியாச்சா? கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், பழைய பாதையே போதும். பிரேக் லைட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: டிரெய்லர் இழுக்கற வண்டின்னா, மாஸ்டர் சிலிண்டர்ல இருக்கற ஆயில் பிரஷர் சுவிட்ச் அந்தச் சுமையில சீக்கிரம் தேஞ்சுடும், அங்கே ரிலே நியாயம்தான்.

6 வோல்ட் வண்டிக்காரங்களுக்குத் தனியாச் சொல்லணும். அதே வாட்ஸுக்கு உங்க கரண்ட் ரெண்டு மடங்கு. அதனால ரிலேயோட லாபமும் உங்களுக்குத்தான் அதிகம். ஆனா காயில் 6 வோல்ட்டா இருக்கணும். 12 வோல்ட் ரிலே பிடிக்கவே 7, 8 வோல்ட் கேக்கும். உங்க வண்டியில அது சும்மா உக்காந்திருக்கும்.

சரி, போடறதுன்னு முடிவாச்சு. அதையாவது ஒழுங்கா போடறாங்களா? பேட்டரியிலேருந்து வர்ற மெயின் வயருக்கு ப்யூஸ் எங்கேன்னு கேட்டா, ரிலேகிட்ட இருக்குன்னு பதில். பேட்டரிக்கும் ப்யூஸுக்கும் நடுவுல இருக்கற ஒரு மீட்டர் வயர் தகட்டுல உரசி அறுந்தா அதை யார் காப்பாத்தறது? பேட்டரியிலேருந்து 15, 20 சென்டிமீட்டருக்குள்ள ப்யூஸ் வரணும். ப்யூஸ் காப்பாத்தறது வயரை, பல்பை இல்ல. 4 ஸ்கொயர் வயருக்கு 30 ஆம்பியர், 2.5க்கு 20. அதுக்கப்புறம் இடது லைட்டுக்கு 10, வலது லைட்டுக்கு 10னு தனித்தனியா பிரிங்க. ஒண்ணு போனாலும் ஒத்தைக் கண்ணோட வீடு வந்து சேரலாம். ரெண்டு லைட்டுக்கும் ஒரே ப்யூஸ் வச்சு, ராத்திரி வளைவுல அது போச்சுன்னா குருட்டு ஓட்டம்தான்.

டேஷ்போர்டு அம்மீட்டர் வழியா சார்ஜிங் போற வண்டியில ரிலே சப்ளையைப் பேட்டரி கம்பத்துலேருந்து எடுக்காதீங்க. எடுத்தா லைட்டும் ஃபேனும் தின்னற கரண்ட் முழுக்க ஆல்டர்னேட்டர்லேருந்து அம்மீட்டரைத் தாண்டித்தான் வரும். முள்ளு எப்பவும் சார்ஜ் பக்கமே சாஞ்சிருக்கும், மீட்டர் டெர்மினலும் சுடும். ஆல்டர்னேட்டர் பக்கத்துலேருந்து எடுங்க, ப்யூஸோட.

ரிலேயோட 87ம் பின்னும் 87ஏ பின்னும் ஒண்ணுன்னு நினைச்சு சொருகினா, சுவிட்சை அணைச்சதும் லைட் எரியும். பேய் இல்ல, 87ஏ காயிலுக்குக் கரண்ட் இல்லாதப்ப ஒட்டிக்கிட்டிருக்கற கான்டாக்ட். இன்னொண்ணு, ரிலே காயிலை அணைக்கற நொடியில 100 வோல்ட்டுக்கு மேல ஒரு உதை திரும்பி வரும். எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தா அந்த உதையை அடக்க உள்ளேயே ரெசிஸ்டரோ டயோடோ வச்ச ரிலேயா வாங்குங்க. டயோடு வச்சதுல 86 பாசிட்டிவ், 85 எர்த். மாத்திச் சொருகினா நேரா ஷார்ட்.

சாக்கெட்டை வயர் கீழ்ப்பக்கம் இறங்கற மாதிரி மாட்டுங்க. மேல் நோக்கி மாட்டினா தண்ணி வயர் வழியா பின்னுக்குள்ள வடியும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் வேண்டவே வேண்டாம். கட்டிங் பிளையர்ல நசுக்கின லக்கெல்லாம் (வயர் முனையில மாட்டற உலோக முனை) லக்கே இல்ல, கிரிம்பிங் டூல் வாங்குங்க. சால்டரை அள்ளி அப்பினா அது எங்கே முடியுதோ அங்கே வயர் விறைச்சு, அதிர்வுல பட்டுன்னு முறியும். எல்லாம் முடிஞ்சதும் லைட்டைப் போட்டு 15 நிமிஷம் விட்டு சாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு சரி, விரல் வைக்க முடியலைன்னா டெர்மினல் லூஸ்.

அப்புறம் அந்த 14 டப்பா. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ஒரே மாதிரி ரிலே வாங்கி, ஒவ்வொண்ணு மேலயும் பேர் எழுதி ஒட்டுங்க. நடுராத்திரி டிம் லைட் ரிலே போச்சுன்னா ஹாரன்ல இருக்கறதைப் பிடுங்கி இங்கே சொருகிக்கலாம், எது ஹாரனோடதுன்னு தெரிஞ்சா.