செருப்பை எண்ணினோம்

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்கோஸின் குடும்பம் மணிலா அரண்மனையை விட்டு ஓடிய பிறகு உலகம் வாய் பிளந்து பார்த்தது அவர் மனைவி இமெல்டாவின் செருப்புகளைத்தான். மூவாயிரம் ஜோடி என்றார்கள், இல்லை இல்லை ஆயிரத்துச் சொச்சம்தான் என்றார்கள். அடித்த பணம் 500 முதல் 1,000 கோடி டாலர் இருக்கலாம் என்ற மதிப்பீடு யார் மனதிலாவது நின்றதா? அந்த ஆட்சியில் வதைபட்டவர்கள் என்று பின்னாளில் அரசே ஏற்றுக்கொண்டவர்கள் 11,103 பேர். இந்த எண்ணிக்கையை நானே மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். செருப்புக் கதை மட்டும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

2001இல் மரிக்கினா நகரில் காலணி அருங்காட்சியகம் வந்தது. திறந்து வைத்தவர் இமெல்டாவேதான்! களவுக்குச் சாட்சியாக இருந்தவை கண்ணாடிப் பெட்டிக்குள் போய் வேடிக்கைப் பொருளாகிவிட்டன. தேசிய அருங்காட்சியகத்தில் கிடந்த மிச்சத்தைக் கரையான் அரித்தது தனிக்கதை. 2022இல் மார்கோஸின் மகன் மூன்று கோடிக்கும் மேல் வாக்கு வாங்கி அதிபரானார். வாக்களித்தவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இடையில் ஆண்டவர்கள் என்ன யோக்கியம் என்று அவர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

"தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அடை மொத்தமும் காணாமல் போனாலும் அதே பழமொழிதான். கோபம் கெட்டுப்போவது இந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன். பயந்து வாயை மூடியவனுக்கு உள்ளே உறுத்தலாவது இருக்கும். சிரித்துவிட்டவனுக்கு அதுவும் கிடையாது.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2018இல் மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் தொடர்பான வீடுகளில் போலீஸ் அள்ளிய பட்டியல் வந்தது. 567 கைப்பைகள், 423 கைக்கடிகாரங்கள், சுமார் 12,000 நகைகள். நாளைக்கு ஒரு பை மாட்டினாலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டு நண்பர்கள் குழுவில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. 1எம்டிபி என்ற மலேசிய அரசு முதலீட்டு நிதியிலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. அந்த நிதிக்காக வாங்கிய கடனை அடைப்பது யார், எத்தனை வருஷம் என்ற கணக்கை நான் போடவில்லை.

1எம்டிபியின் கிளை நிறுவனமாக இருந்த ஒன்றின் வழக்கில் நஜிபுக்குக் கிடைத்த 12 வருஷச் சிறை 2024இல் மன்னிப்பு வாரியத்தால் பாதியானது. அந்தச் செய்தியும் என் போனில் வந்தது. தலைப்பைப் படித்தேன், "அட" என்றேன், அடுத்ததுக்குத் தள்ளிவிட்டேன்.