மேட்டூர் மட்டத்துக்குப் பக்கத்தில் கடல் சூட்டையும் எழுதுங்கள்

பேராவூரணிப் பக்கம் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம்தான். 120 அடியில் இன்று எவ்வளவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை. எழுத்துக் கூட்டத் தெரியாத தாத்தாவும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டுதான் டீயைக் கையில் வாங்குவார். அணை கட்டி முடித்த 1934இலிருந்து இந்தக் கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியது. ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருகிற கடல் இன்றைக்கு எத்தனை டிகிரி என்று கேட்டால் டெல்டாவில் பதில் சொல்ல ஆள் இல்லை.

போன மாதம் நண்டு வாங்க மல்லிப்பட்டினம் போயிருந்தேன். பழக்கமான அண்ணன் ஒருவர் பைபர் படகில் வலை அலசிக்கொண்டிருந்தார். கயிறு கட்டிய வாளியைக் கடலில் விட்டு இழுத்தவர், வலையில் ஊற்றாமல் என் காலில் கொஞ்சம் ஊற்றினார். "தொட்டுப் பாருங்க தம்பி, வெந்நி மாதிரி கெடக்கு. எங்கப்பா காலத்துல இந்த நேரத்துக்கு இப்படி இருக்காது." காலை எட்டு மணிகூட ஆகவில்லை.

அவர் சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் நம் கைக்கு அரை டிகிரி வித்தியாசம் தெரியாது. முப்பது வருஷத்துக்கு முந்தைய அரை டிகிரியை யாராலும் நினைவில் வைத்திருக்கவும் முடியாது. கடல் அப்படித்தான், மெதுவாகச் சூடேறுகிறது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்தண்ணீர் சராசரியாக 1 டிகிரி ஏறியிருக்கிறது, உலகக் கடல்களின் சராசரி 0.7தான் என்று புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 65 வருஷத்தில் ஒரு டிகிரி. நம் பாக் விரிகுடாவில் ஒரே நாளில் காலைக்கும் மதியத்துக்கும் நடுவிலேயே அந்த அளவு ஏறி இறங்கும். தினமும் விடாமல் குறித்து, பல வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நம் கடலுக்கு இது ரொம்ப முக்கியம். மேற்கே தமிழ்நாடு, கிழக்கே இலங்கை, தெற்கே ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் வரை மணல் திட்டுகள். முக்கால்வாசி உள்நாட்டுக் கடல் என்றே சொல்லலாம். ஆழமும் பெரும்பாலும் எட்டுப் பாகத்தை, அதாவது சுமார் 15 மீட்டரை, தாண்டாது. இப்படி நிலம் சூழ்ந்த கடல் எவ்வளவு சூடேறும் என்பதற்கு மத்தியதரைக் கடலைப் பாருங்கள். 2023 ஜூலையில் அதன் மேற்பரப்பு வெப்பத்தின் ஒருநாள் நடுமதிப்பு 28.71 டிகிரியைத் தொட்டது. அடுத்த வருஷம், 2024 ஆகஸ்டிலேயே 28.9 ஆகி அந்தச் சாதனையும் உடைந்தது. பல வருஷக் கணக்கு கையில் இருந்ததால்தான் அவர்களால் அதைச் சாதனை என்று சொல்ல முடிந்தது.

இங்கே 2016இல் பாக் விரிகுடாவின் பவளப்பாறைகள் சூடு தாங்காமல் வெளுத்தன. ஒரு காலத்தில் கேரளக் கரையை விட்டு அதிகம் வராத மத்தி, இப்போது நம் பக்கமும் பாடு பாடாக விழுகிறது. கடல் சூடேறுவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் மீன்வள ஆராய்ச்சியாளர்கள். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுவுக்கென்று அறிவித்தார்கள், மனதார வரவேற்றேன். கடற்பசு தின்பது கடற்புல். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால் அந்தப் புல் வாடும். எல்லை போட்டாயிற்று, சரி, உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை யார் பார்ப்பது?

அப்புறம் புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்கள் கொல்லையில் இருந்த தென்னையை வேரோடு சாய்த்தது. அப்பா நட்ட மரங்கள். கடல் சூடுதான் கஜாவைக் கொண்டுவந்தது என்று ஒற்றை வரியில் சொல்ல மாட்டேன். ஆனால் புயலுக்குத் தீனி சூடான மேல்தண்ணீர்தான், இதில் சந்தேகமே கிடையாது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். 1981இலிருந்து தொடர்ச்சியான கணக்கு இருக்கிறது, ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கோள் காட்டும் சூட்டையும் வைத்துத்தான் மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்கிறது. நல்ல வேலை. ஆனால் அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் கோள் மேல்தோலைத்தான் பார்க்கும், மேகம் மூடினால் அதுவும் தெரியாது. வாடைக் காலத்தில் நமக்கு மேகம் இல்லாத நாள் எத்தனை? கோள் வருவதற்கு முன்னால் கப்பல்காரர்கள் அந்த அண்ணனைப் போலவே வாளியில் மொண்டு, வெப்பமானியை விட்டு, நோட்டில் எழுதினார்கள். கேன்வாஸ் வாளி மேலே வருவதற்குள் காற்றுப் பட்டுத் தண்ணீர் கொஞ்சம் ஆறிவிடும் என்று பிற்பாடு கண்டுபிடித்து, அதற்கும் கணக்குத் திருத்தினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நோட்டுகளிலிருந்து வந்ததுதான்.

கோடியக்கரையிலிருந்து மணமேல்குடி வரை ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒரு வெப்பமானியும் ஒரு பலகையும் வைக்க அரசுக்கு என்ன செலவாகிவிடும்? மேட்டூர் மட்டத்துக்குக் கீழே அதையும் ஒரு வரியாகப் பேப்பரில் போடட்டும். மீன்வளத்துறையில் இருக்கும் நண்பர்கள் இதை மேலே கொண்டுபோங்கள்.

அது வரும்வரை நானும் அண்ணனும் தொடங்கிவிட்டோம். வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன், டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறார். படகு வைத்திருப்பவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், மொண்டவுடன் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். தேதி எழுத மறக்காதீர்கள்.