பத்து மார்க் முசோலினியும் ஒரு சைக்கிளும்

பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் ‘முசோலினியின் எழுச்சிக்கான காரணங்கள்’ எங்களுக்குக் கட்டாயம் வரும் பத்து மார்க் கேள்வி. முதல் உலகப் போர் தந்த ஏமாற்றம், வேலையில்லாத் திண்டாட்டம், கம்யூனிச பயம், 1922 அக்டோபரில் ரோம் நோக்கிய அணிவகுப்பு, 1929 லேட்டரன் ஒப்பந்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். அதே வருஷம்தான் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தேன். இரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நோட்ஸில் இருந்தது இத்தாலி. திரையில் ஓடியது ‘உலக சினிமா’.

அன்றைக்கு சப்டைட்டில் வரவில்லை. பென்டிரைவைப் பிடுங்குவதும் செருகுவதுமாக நேரம் போய், ஹாலைப் பூட்ட வாட்ச்மேன் வந்து நின்றுவிடுவார் என்ற பயத்தில் படத்தைத் தள்ளி ஓட விட்டார்கள். சைக்கிள் திருடு போகிற இடத்திலிருந்துதான் பார்த்தோம். ஒருவன் சைக்கிளைத் தொலைக்கிறான், மகனோடு ஊரெல்லாம் தேடுகிறான், கிடைக்காமல் தானே ஒன்றைத் திருடப் போய் மாட்டிக்கொள்கிறான், பையன் அப்பாவின் கையைப் பிடிக்கிறான். அழுதேன். யார்தான் அழவில்லை? முடிந்ததும் பேச வந்தவர் மனிதநேயம் என்றார், எளிமை என்றார், செட் கிடையாது, தொழில்முறை நடிகர் கிடையாது, ‘உலகின் எந்த மூலையிலும் நடக்கக்கூடிய கதை’ என்றார். எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் எனக்கு இன்றுவரை சண்டை.

அடுத்த வருஷம் அறை நண்பனின் லேப்டாப்பில் முதலிலிருந்து பார்த்தேன். தவறவிட்ட அந்த ஆரம்பத்தில்தான் படத்தின் பாதி உயிர் இருக்கிறது. ரோமின் ஓரத்தில் வால் மெலைனா என்ற குடியிருப்பு. பெரிய பெரிய அடுக்குக் கட்டடங்கள், நடுவே பொட்டல். வேலைக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள், கூட்டம் முண்டுகிறது. கதாநாயகன் அந்தோனியோ கூட்டத்தில்கூட இல்லை, தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறான். போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடகுக்கடையில். அவன் மனைவி மரியா பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருகிறாள். வீட்டுக்குப் போனதும் கட்டில் விரிப்புகளை உருவுகிறாள். கல்யாணத்துக்கு வந்த சீர் அது. மூட்டை கட்டி அடகுக்கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் சொல்லும் விலைக்கு மேல் கெஞ்சி 7,500 லிரா வாங்குகிறார்கள். கடை ஆள் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரி மேல் ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான். கேமரா நிமிர நிமிர மூட்டைக்கு மேல் மூட்டை, கூரை வரைக்கும் ஊராரின் படுக்கை விரிப்புகள். வசனமே இல்லை. ஒரு நகரம் முழுக்க வெறும் மெத்தையில் படுத்துத் தூங்குகிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது!

வேலை இழுபறியும் அடகும் எல்லா ஊரிலும் உண்டு, சரி. ஆனால் சைக்கிள் இல்லாமல் ஏன் அந்த வேலை நடக்காது? நூலகத்தில் ரோம் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. முசோலினிக்குப் பழைய ரோமப் பேரரசின் மீது பித்து. ரோமுக்குள்ளேயே கொலோசியத்திலிருந்து வெனிஸ் சதுக்கம் வரை அணிவகுப்புக்கு அகலமான சாலை வேண்டும் என்று நெருக்கமான பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார். 1932-ல் சாலை திறந்தாயிற்று. நகரின் நடுவில் இருந்த ஏழைகள் வெளி ஓரங்களுக்குப் போனார்கள். அப்படி ஓரங்களில் முளைத்த குடியிருப்புகளுக்கு ‘போர்காத்தா’ என்று பெயர். வால் மெலைனாவும் அந்தக் காலத்தில் எழுந்ததுதான். குடியிருப்பு ஓர் ஓரத்தில், வேலை நடுவில். அந்தோனியோவின் கால் வலிக்குப் பின்னால் ஒரு சர்வாதிகாரியின் சாலை இருக்கிறது. நான் எழுதிய பத்து மார்க் பதிலில் இப்படி ஒரு தெருவோ குழாயடியோ கிடையாது.

அவன் ஒட்டுகிற போஸ்டரைப் பாருங்கள். ரீட்டா ஹேவொர்த், ‘கில்டா’. 1938-ல் வந்த சட்டத்தால் பெரிய ஹாலிவுட் கம்பெனிகள் இத்தாலியை விட்டு விலகியிருந்தன. போர் முடிந்ததும் அத்தனை வருஷப் படங்களும் மொத்தமாக வந்து கொட்டின. விரிப்பை அடகு வைத்தவன் ஹாலிவுட் நடிகையின் தோளில் பசை தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் சைக்கிள் போகிறது. அப்புறம் அவன் எங்கெல்லாம் போகிறான்? போலீஸ் புகாரை எழுதிக்கொண்டு நீயே தேடிக்கொள் என்கிறது. கட்சிக்காரர்களின் நிலவறைக்குப் போகிறான். கடைசியில் சர்ச்சுக்கு. ஏழைகளுக்கு முகச்சவரமும் சூப்பும் உண்டு, முதலில் பிரார்த்தனை. 1948 ஏப்ரல் தேர்தலில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி இடதுசாரிக் கூட்டணியைத் தோற்கடித்தது. படம் வந்தது அதே வருஷம் நவம்பரில். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த மூன்று வாசல்களும் வெறும் கதைத் திருப்பங்களாகவா தெரிந்திருக்கும்?

ரோஸ்ஸலினி எடுத்த ‘ரோம், ஓபன் சிட்டி’ என்ற படத்தின் விஷயத்தில் நான் பட்ட அசிங்கம் வேறு. ஓபன் சிட்டி என்றால் சுதந்திர நகரம் என்று நினைத்து ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அது போர்ச் சட்டச் சொல். ‘இந்த நகரில் நாங்கள் சண்டை போட மாட்டோம், நீங்கள் குண்டு போடாதீர்கள்’ என்ற அறிவிப்பு. இத்தாலிய அரசு 1943 ஆகஸ்டில் அப்படி அறிவித்தது. செப்டம்பரில் ஜெர்மன் ராணுவம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது, 1944 ஜூன் 4 வரை. தலைப்பே ஒரு கசப்பான கிண்டல். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்ட என் கட்டுரைக்கு ஏழு மார்க் கிடைத்தது என்பது தனிக் கதை.

அந்தப் படத்தில் நாயகி அன்னா மன்யானி, தன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவனை ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும் லாரி பின்னால் கத்திக்கொண்டே ஓடுவாள். சுட்டுவிடுவார்கள். அவள் தெருவில் விழும் விதத்தை மறக்கவே முடியாது. அந்தக் காட்சிக்கு மூலம் டெரேசா குல்லாச்சே என்று நிஜத்தில் வாழ்ந்த ஒரு பெண். ஐந்து பிள்ளைகளின் தாய், வயிற்றில் இன்னொன்று. பிடித்துவைத்த கணவனைப் பார்க்க ராணுவக் குடியிருப்பு முன்னால் நின்றவளை 1944 மார்ச் 3-ல் ஜெர்மன் சிப்பாய் சுட்டுக் கொன்றான். அதே மாதம் 24-ந் தேதி ரோமின் ஓரத்தில் இருக்கும் ஆர்தியாத்தின் குகைகளில் ஜெர்மன்காரர்கள் 335 பேரைக் கொன்றார்கள். அதில் ஒரு பாதிரியார் உண்டு. படத்தின் பாதிரியாருக்கு அவரும், ஏப்ரலில் சுடப்பட்ட இன்னொரு பாதிரியாரும்தான் மூலம். ரோஸ்ஸலினி படப்பிடிப்பைத் தொடங்கியது 1945 ஜனவரியில். வட இத்தாலியில் அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. நடித்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் முந்தின வருஷம் அதே தெருக்களில் பயந்து வாழ்ந்தவர்கள்.

இந்த இத்தாலியப் படங்களின் பாணிக்கு நியோரியலிசம் என்று பெயர். இதையெல்லாம் விட்டுவிட்டு ‘நியோரியலிசம் என்றால் தெருவில் எடுப்பது’ என்று குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கையில் காசில்லையா, நியோரியலிசம் எடு! முதலில், அவர்கள் தெருவுக்கு வந்தது கொள்கையால் மட்டும் இல்லை. முசோலினி 1937-ல் திறந்துவைத்த சினெசித்தா ஸ்டூடியோவில் போர் முடியும் காலத்தில் அகதிகள் குடியிருந்தார்கள். இரண்டாவது, செட்டே இல்லை என்பதும் பொய். ‘ரோம், ஓபன் சிட்டி’யின் ஜெர்மன் போலீஸ் அலுவலகம் செட் போட்டது. ஒலியும் பிறகு டப்பிங்கில் சேர்த்ததுதான். நம் ஊர்ப் பழைய படங்கள் மாதிரியே.

இதைவிட என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. 1945-ல் அப்படிப்பட்ட படம் எடுத்த ரோஸ்ஸலினி, அதற்கு முன் 1941-க்கும் 1943-க்கும் இடையே பாசிச அரசின் போருக்கு ஆதரவாக மூன்று படங்கள் எடுத்தவர். அதில் விமானி பற்றிய படத்தின் கதையில் முசோலினியின் மகன் விட்டோரியோவுக்குப் பங்கு உண்டு. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுத்த டி சிக்கா முப்பதுகளில் ரோமின் கனவுக் கண்ணன், காதல் நகைச்சுவை நாயகன். இவர்கள் வானத்திலிருந்து குதித்த புனிதர்கள் இல்லை. அந்த ஆட்சியின் ஸ்டூடியோக்களில் தொழில் கற்றவர்கள். முதலில் தெரிந்தபோது ஏமாற்றமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. குற்றவாளி வெளியிலிருந்து வந்த ஜெர்மன்காரன் மட்டும்தான் என்று காட்டும் சௌகரியம் ‘ரோம், ஓபன் சிட்டி’யில் கொஞ்சம் இருக்கிறது. இருபது வருஷம் ஆண்ட உள்ளூர் பாசிசம் அதில் ஓரமாகத்தான் நிற்கிறது. இதைச் சொன்னால் நண்பர்கள் அடிக்க வருகிறார்கள்.

என் கணக்கில் இந்த வரிசையில் உச்சம் 1952-ல் வந்த டி சிக்காவின் ‘உம்பர்டோ டி’. பென்ஷன் வாடகைக்குப் பற்றாத ஒரு கிழவர், ஒரு நாய். கிழவராக நடித்தவர் நிஜத்தில் மொழியியல் பேராசிரியர். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வேலைக்காரப் பெண் காலையில் அடுக்களைக்குள் வரும் காட்சியை. தீக்குச்சி கிழிக்கிறாள். சன்னல் வழியே கூரை மேல் நடக்கும் பூனையைப் பார்க்கிறாள். சுவரில் ஊரும் எறும்புகள் மேல் தண்ணீர் அடிக்கிறாள். தன் வயிற்றைக் குனிந்து பார்க்கிறாள், கல்யாணமாகாத கர்ப்பம். உட்கார்ந்து காபிக்கொட்டை அரைத்துக்கொண்டே, எழுந்திருக்கச் சோம்பிக் காலை நீட்டிக் கட்டைவிரலால் கதவைத் தள்ளுகிறாள். கண்ணீர் வழிகிறது, அரைப்பது நிற்கவில்லை. இந்தப் படத்துக்குத்தான் அப்போது அரசில் இருந்த ஆன்ட்ரியோட்டி, இத்தாலி இப்படித்தான் என்று உலகம் நினைத்தால் டி சிக்கா தாய்நாட்டுக்குச் செய்தது கெட்ட சேவை என்று கண்டித்து எழுதினார். படம் ஓடவும் இல்லை. அந்தப் படங்களை உலகம் கொண்டாடிய அளவுக்கு ஊர் கொண்டாடவில்லை.

‘பைசைக்கிள் தீவ்ஸ்’ நாயகன் மாஜியோரானி நிஜத்தில் ஆலைத் தொழிலாளி. அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவர் கேரி கிராண்ட்டைப் போட்டால் பணம் தருகிறேன் என்றபோது மறுத்து, டி சிக்கா இவரைப் போட்டார். படம் முடிந்து ஆலைக்குத் திரும்பியவருக்கு ஆள்குறைப்பில் வேலை போயிற்று. சினிமாவில்தான் சம்பாதித்துவிட்டாரே என்று நினைத்தார்களாம். சத்யஜித் ரே 1950-ல் லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நானும் இப்படி எடுப்பேன் என்று தீர்மானித்ததை ஆயிரம் முறை சொல்கிறோம். மாஜியோரானியின் வேலை போனதைச் சொல்கிறவர்கள் குறைவு.

போன மாதம் அதே திரைப்பட மன்றத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அரைமணி நேரம் முன்னாலேயே போய் சப்டைட்டில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வால் மெலைனா வந்தது, கூட்டம் வந்தது, மரியா இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வந்தாள். பக்கத்தில் இருந்த பையன் என் பக்கம் சாய்ந்து, “சார், அங்கேயும் தெருக் குழாய்தானா?” என்றான். அந்தக் குழாயின் கதையை 1922-லிருந்து ஆரம்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் விரிப்பை உருவ ஆரம்பித்துவிட்டாள். பையன் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டான், நானும்தான்.