அரை மணி நேர விருந்தாளிக்கு ஹால், அஞ்சு மணி நேரம் நிற்பவளுக்கு மூலை

வீடு கட்டுகிறவர்கள் பிளான் போட வந்தால் முதலில் எடுத்து நீட்டுவது எலிவேஷன் படத்தைத்தான். செல்போனில் நாலைந்து சேமித்து வைத்திருப்பார்கள். "முன்பக்கம் இந்த மாதிரி வரணும் மேடம்." அடுத்தது ஹால். "சோபா போட்டு, டிவி மாட்டி, பத்துப் பேர் வந்தாலும் தாராளமா உட்காரணும்." பிறகு கன்னி மூலையில் பெரிய பெட்ரூம், ஈசானியத்தில் பூஜை ரூம், கார் நிற்க போர்டிகோ. கிச்சன் அக்னி மூலையில் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிடுவார். அது எவ்வளவு பெரிசு என்பதை மிச்சம் கிடக்கும் இடம் சொல்லும். வயசான அப்பாவுக்கோ மாமியாருக்கோ கீழே பின்பக்கமாக ஒரு ரூம், பாத்ரூமை ஒட்டி. "ராத்திரி எந்திரிச்சுப் போக வசதியா இருக்கும்ல."

மதுரையில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைவது என் வேலை. வரைந்து வரைந்து எனக்குள் கெட்டிப்பட்டுப்போன கருத்து ஒன்று உண்டு. நம் ஊரில் தெருவில் போகிறவன் பார்ப்பதற்கும், எப்போதாவது வருகிற விருந்தாளி மெச்சுவதற்கும்தான் வீடு கட்டுகிறோம். அதற்குள் இருபது முப்பது வருஷம் புழுங்கப் போகிறவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. அப்புறம் வீட்டில் ஏன் எப்பப் பார்த்தாலும் சிடுசிடுப்பு என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மத்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது, 2019இல் சராசரி 299 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோது 289. செய்கிற ஆண்களுக்கு முதலில் 97, பிறகு 88. அதிலும் 2019 கணக்கில் அந்த வேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஞாயிறு தீபாவளி என்ற பேதம் இல்லாமல். அதில் பெரும்பகுதி கழிகிற இடத்துக்கு நாம் ஒதுக்குவது என்ன? ஆறடி அகலம், ஒன்பதடி நீளம்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தனியாகச் சாப்பாட்டு அறை இருந்தால் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் என்கிறது. கிட்டத்தட்ட ஐம்பத்து நாலு சதுர அடி. 'இதற்குக் கீழே போகாதே' என்று போட்ட கோடு அது. அதையே நாம் அளவாக்கிவிட்டோம். அபார்ட்மென்ட்டில் இன்னும் மோசம். கிச்சன் ஜன்னல் திறப்பது டக்ட்டுக்குள். நாலடிக்கு நாலடிக் குழி, மேலே ஆகாயம் என்று பேர். நாலு வீட்டுக் கழிவறைக் குழாய்கள், மேல்வீட்டிலிருந்து விழுந்த கிளிப்பு, ஒற்றைச் செருப்பு, புறா எச்சம். அந்த ஜன்னலைத் திறந்தால் கீழ்வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வரும், மூடினால் நம் வீட்டு மிளகாய் நெடி வெளியே போகாது. அதற்கு முன்னால் நின்று ஒருத்தி காலையில் மூன்று விதமான டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு எட்டரை மணிக்குச் சிரித்த முகமாக வெளியே வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மேடை உயரத்தைக்கூட சமைக்கப் போகிறவரின் முழங்கையை அளந்து யாரும் வைப்பதில்லை. மேஸ்திரி கைக்குப் பழகிய அளவு எதுவோ அதுதான். குட்டையான பெண்ணுக்குத் தோள் வலி, உயரமான பெண்ணுக்கு இடுப்பு வலி. இரண்டுக்கும் தைலம் இருக்கிறது.

போன வருஷம் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கிழக்குப் பார்த்த மனை. அவர் பேசிக்கொண்டே இருந்தார், அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க சொல்லுங்கக்கா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். "எனக்கென்ன, அவங்க சொல்றபடியே போடுங்க." இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழக்கம். அதனால் கேள்வியை மாற்றினேன். "காலையில எந்திரிச்சதுலருந்து ஒம்பது மணி வரைக்கும் என்னென்ன செய்வீங்க?"

மடை திறந்துவிட்டது. அடுப்பில் பால் இருக்கும்போதுதான் தண்ணீர் விடுவார்கள். சாம்பார் கொதிக்கும்போதுதான் பையனின் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். கீரைக்காரம்மா ஒரு குரல்தான் கொடுப்பார், நாம் வெளியே வருவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். "மூணு நாலு தடவை அடுப்பைக் குறைச்சிட்டு வாசலுக்கு ஓடுவேன் மேடம். அடுப்புகிட்ட நின்னா வாசல் தெரிஞ்சாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்."

கிழக்குப் பார்த்த வீட்டில் அக்னி மூலை முன்பக்கமே வருகிறது. கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் கேட் நேராகத் தெரியும், காலை வெயிலும் வரும். வாஸ்துக்கும் பங்கமில்லை. ஆனால் அந்தச் சுவரில் கல் பதித்து மேலிருந்து லைட் விடுவதாகக் கணவருக்கு யோசனை. "முன்னாடி கிச்சன் ஜன்னல் வந்தா அசிங்கமா இருக்காதா?" என்றார். யாருக்கு அசிங்கம் என்று நான் கேட்கவில்லை, அந்த அம்மாவே கேட்டுவிட்டார். அடுப்புக்கு நேரே வைத்தால் காற்றுக்குத் தீ அலையும் என்பதால் ஒன்றரை அடி தள்ளி, காய் நறுக்குகிற இடத்துக்கு நேராக நாலடி ஜன்னல் போட்டோம். மீதிச் சுவரில் கல்லும் பதித்தாயிற்று. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

சமையலறையை உட்கார்ந்து யோசித்து வரைந்தவர்கள் இல்லாமல் இல்லை. வியன்னாவின் பெண் கட்டடக் கலைஞரான மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன், அந்த நகரத்துக் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளுக்குப் போனது. 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எதை எட்டி எடுக்கிறாள் என்றெல்லாம் பார்த்துச் செய்தது. ஜன்னலை ஒட்டி வேலை மேஜை, உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் ஸ்டூல். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. ஆனால் அதன் மீது பின்னாளில் வந்த குற்றச்சாட்டு முக்கியமானது. அதில் ஒருவர்தான் நிற்க முடியும். வேலை குறைந்தது, கூட நின்று பேச ஆள் இல்லாமல் போனது. நம் மாடுலர் கிச்சன்களும் அப்படித்தான். லேமினேட் பளபளக்கும், சிம்னி ஓடும், ஆனால் வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன் என்று கணவன் உள்ளே வந்தால் இவள் வெளியே போகவேண்டும். ஆண்கள் சமையலுக்கு உதவுவதில்லை என்று திட்டுகிறோம். திட்டவேண்டியதுதான். கூடவே கிச்சனையும் ரெண்டு பேர் நிற்கிற மாதிரி வரையவேண்டும்.

பின்பக்க ரூமுக்குப் போன அப்பாவுக்கு வருகிறேன். 1984இல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை முடிந்தவர்களைப் பற்றியது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த கட்டிலில் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த கட்டிலில் 23 பேர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் சில நாள் படுத்திருப்பவருக்கே இவ்வளவு என்றால், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரையே பார்த்துப் பத்து வருஷம் படுத்திருப்பவருக்கு?

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மரம்கூட வேண்டாம், தெரு தெரிந்தால் போதும். யார் போகிறார்கள், யார் வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வந்திருக்கிறார்கள், பால்காரன் இன்று ஏன் லேட்டு. திண்ணை அதைத்தான் கொடுத்தது. வெளியே போகாமலே ஊருக்குள் இருக்கலாம். இன்று கேட்டின் இடுக்கில் தகரம் அடித்து அடைக்கிறோம், அப்பாவைப் பின்னால் தள்ளுகிறோம், பிறகு 'எப்பவும் பொலம்பிக்கிட்டே இருக்காரு' என்கிறோம். மனுஷன் பேச வேறு விஷயமே நாம் விட்டுவைக்கவில்லை.

பழைய வீட்டுப் பெருமை பேசுகிறேன் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்கவேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டிக் கடைசியாக இருந்த சமையல்கட்டில் புகைக்குள் நின்றது பெண்தான். தீட்டென்று மூன்று நாள் ஒதுக்கி உட்காரவைத்த கொல்லைப்புற அறையும் அதே வீட்டில்தான் இருந்தது. செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தை, படமெடுத்துப் போடுகிறவர்கள் அதைக் கூட்டிப் பெருக்கியவர்களையும் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த வீடுகளிலிருந்து வேண்டியது வாசலிலிருந்து கொல்லை வரை குறுக்கே சுவர் இல்லாமல் ஓடுகிற காற்றும், வீட்டுக்கு நடுவே விழுகிற வெளிச்சமும் மட்டும்தான்.

காற்று என்றதும் கன்னி மூலை. வீட்டுத் தலைவர் தென்மேற்கு அறையில்தான் படுக்கவேண்டும் என்கிறார்கள். நம்பிக்கையோடு சண்டை போட எனக்கு நேரமில்லை, ஆனால் வெயில் கணக்கு இதுதான். மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில். ஆகவே கோடையில் வீட்டைச் சுடுவது இரண்டு: மேல் தளம், மேற்குச் சுவர். கான்கிரீட்டும் செங்கல்லும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலத்துக்கு மேல்தான் உள்ளே விட ஆரம்பிக்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும், உள்ளே சுவரில் கை வைக்க முடியாது. மாடியில் மேற்குச் சுவரோடு ஒட்டிய பெட்ரூம் என்றால் இரண்டு பக்கமும் அடி. குழந்தை பதினொரு மணி வரை புரளும், அம்மா எரிந்து விழுவாள், அப்பா மொட்டை மாடிக்குப் போய்விடுவார். இந்தச் சண்டைக்குப் பெயர் குணக்கேடு இல்லை, ஒன்பது இன்ச் சுவர்.

அந்த அறையை மாற்ற முடியாது என்றால் மேற்கில் சன்ஷேடை அகலமாக நீட்டலாம், பீரோக்களையும் அலமாரியையும் அந்தச் சுவரோடு நிறுத்தலாம், வெளியே ஒரு வேம்பு வைக்கலாம். ஜன்னல் விஷயத்திலும் அதே விதித்தொகுப்பு தெளிவாக இருக்கிறது. வெக்கையும் புழுக்கமும் உள்ள இடங்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும். பத்துக்குப் பதினொன்று அறை என்றால் பதினெட்டு சதுர அடி. நாம் வைப்பது மூன்றுக்கு நான்கு, அதிலும் பாதியை பீரோ மறைக்கும். அறை அளவு பதினோரடி உத்தமம், பன்னிரண்டடி ஆகாது என்று மனையடி சாஸ்திரத்தை இன்ச் டேப்போடு சரிபார்க்கிறவர்கள் ஜன்னலை மட்டும் அளந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்காதது. தாழ்ப்பாள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உடை மாற்ற, புதுசாகக் கல்யாணமானவர்கள் ரெண்டு வார்த்தை பேச, யாராக இருந்தாலும் அழ. நிறைய வீடுகளில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு 'ஏன் கதவைச் சாத்துனே' என்ற கேள்வி வராத ஒரே இடம் பாத்ரூம். குழாயைத் திறந்துவிட்டு அழுத பெண்கள் இதைப் படித்தால் தெரியும்.

'இதெல்லாம் காசு உள்ளவன் பேச்சு' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பிளான் காகிதத்தில் இருக்கும்போது ஜன்னலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்ற ஒரு பைசா ஆகாது. ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் விட்டம் (லிண்டல்) போட்ட பிறகுதான் காசு. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல வருஷம் அதைத்தான் செய்து காட்டினார். வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு வரைந்தவர். செங்கல்லை நிறுத்திவைத்து, நடுவில் இடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' (rat-trap bond) முறையில் கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சம், நடுவில் காற்றுப் பை இருப்பதால் சூடும் சீக்கிரம் உள்ளே வராது. ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டிய செங்கல் சுவர், வைத்தால் மரமும் கம்பியும் மிச்சம். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று அவர் வீடுகளைப் பார்த்தால் புரியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை இடிக்க முடியாது, ஆணி அடித்தாலே ஓனர் மேலே வந்துவிடுவார். ஆனால் கட்டிலை நகர்த்தலாம். பெரியவர் தலைமாட்டைத் திருப்பி வாசல் தெரியும்படி போடுங்கள். சிங்க்குக்கு மேலே டியூப்லைட் இல்லையென்றால் முதல் வேலையாக ஒன்று மாட்டுங்கள், தன் நிழலிலேயே பாத்திரம் கழுவுகிறவர்கள் எத்தனையோ பேர். மேல்மாடியில் இருந்தால் ஓனரிடம் பேசிச் சம்மதம் வாங்கி, மாசிக்குள் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். சாதாரணச் சுண்ணாம்பே போதும், கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் ஒட்டும். ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, அடுத்த வருஷம் மறுபடி அடிக்கவேண்டும்.